தூணுக்கு வண்ணம் பூச மட்டுமா கலைஞர்?

புனே ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே போகும் ரயில்பாதை கோர்படியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சோலாப்பூர் போகிறது; மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் ஓடும் தடம் அதுதான். இன்னொன்று வளைந்து மிரஜ் பக்கம் திரும்புகிறது. இரண்டு தடங்களுக்கும் நடுவிலும் ஓரங்களிலுமாகப் பரவிக்கிடக்கிறது கோர்படி. டீசல் இன்ஜின் பணிமனை, ரயில்வே குடியிருப்பு, ராணுவ நிலம், பழைய வீடுகள், பின்னர் முளைத்த அடுக்குமாடிகள் எல்லாம் அங்கே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ரயில்வே வேலைக்கும் ராணுவ வேலைக்கும் வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ரயில்வே கேட் மூடினால் இரு பக்கமும் வண்டிகள் தேங்கிவிடும் என்பதால், இரண்டு தடங்களுக்கும் மேலே பாலம் வேண்டும் என்ற கோரிக்கை வெகு காலமாக இருந்துவந்தது. பாதுகாப்புத் துறையின் நிலம் மாநகராட்சிக்குக் கைமாறுவதில் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நம் நாட்டில் எந்த மேம்பாலத்தைப் பற்றிய பேச்சும் எத்தனை வழித்தடம், எங்கே இறங்கும், எத்தனை கோடி, எப்போது முடியும் என்பதோடு நின்றுவிடும். மேலே வண்டி ஓடும்போது கீழே என்ன இருக்கும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. குப்பை, பார்க்கிங், உடைந்த தள்ளுவண்டி, சுவரொட்டி எனக் கீழ்ப்பகுதி நிரம்பிய பிறகுதான் மாநகராட்சிக்குக் கலைஞர் ஞாபகம் வரும். தூண்களில் மயிலும் யோகாசனமும் வரலாற்று வீரர்களும் தோன்றுவார்கள்.

புனே இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் ஜி-20 நாடுகளின் உள்கட்டமைப்புப் பணிக்குழு அங்கே கூடியது. விருந்தினர் போகும் சாலைகளின் சுவர்களும் பாலங்களும் அதற்கு முன்பே அவசர அவசரமாக வண்ணம் கண்டன. கூட்டம் விவாதித்த பொருளோ, நாளைய நகரங்களுக்கு நிதி திரட்டுவது எப்படி என்பது. தூய்மை நகரங்களின் தரவரிசைக்கு ஆய்வுக்குழு வரும் பருவத்திலும் இந்தியாவின் பல நகரங்களில் இதே காட்சிதான். வீடு கட்டி முடித்ததும் வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிபோல, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கூப்பிடப்படுகிறவராக ஓவியரும் சிற்பியும் ஆகிவிட்டார்கள். இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். பாலம், சாலை, ஆற்றங்கரை, பேருந்து நிலையம் என்று பொதுமக்கள் புழங்கும் எதையும் வரையத் தொடங்கும் நாளிலேயே, பொறியாளருக்கும் கட்டட வடிவமைப்பாளருக்கும் பக்கத்தில் கலைஞருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அழகு கூடும் என்பது இதற்கு இரண்டாவது காரணம்தான். அவர் இல்லாத மேசையில் கேட்கப்படாமலே போகும் கேள்விகள் சில உண்டு என்பதே முதல் காரணம்.

அப்படி என்ன கேள்விகள்? அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. நகராட்சியின் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் சட்டத்தை அந்நகரம் 1973-இல் இயற்றியது. அந்தப் பணத்தைச் சிலை வாங்குவதில் செலவழித்திருந்தால் பேசுவதற்கு ஒன்றுமிருக்காது. குடியிருப்புப் பகுதி ஒன்றில் வியூலண்ட்ஸ்-ஹாஃப்மன் துணைமின் நிலையத்தைக் கட்டவேண்டி வந்தபோது, ஆண்ட்ரூ கீட்டிங், ஷெர்ரி மார்க்கோவிட்ஸ், பஸ்டர் சிம்ப்சன் என்ற மூன்று கலைஞர்களைக் கட்டட வடிவமைப்பாளருடன் ஆரம்பத்திலேயே உட்கார வைத்தார்கள். துணைமின் நிலையம் என்றால் எந்த ஊரிலும் நினைப்பு ஒன்றுதான்: உயரச் சுவர் எழுப்பு, மண்டையோடு போட்ட பலகை மாட்டு, மறைத்துவிடு. இந்தக் கலைஞர்கள் மறைப்பதை விட்டுவிட்டுக் காட்டலாம் என்றார்கள். மின்சாரம் எப்படி வருகிறது, எங்கே போகிறது என்று அந்தத் தெருக்காரர்கள் பார்க்கும்படி நடைவழி அமைந்தது. கருவிகளும் சட்டங்களும் நிறம் பெற்றன. எமில் கெர்க்கி என்ற நாட்டுப்புறக் கலைஞரும் அவர் மனைவியும் பழைய சாமான்களைக் கொண்டு செய்த காற்றாடிகள் அங்கே சுழல வந்தன. அந்த வளாகத்தில் எது பொறியியல், எது கலை என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. வரைபடம் முடிந்த பிறகு அதே மூவரையும் அழைத்திருந்தால் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது மதில்சுவர் மட்டுமே.

வெளிநாட்டு உதாரணம் நமக்கு எடுபடாது என்பவர்கள் புனே பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் ‘ஐயூகா’ வானியல் மையத்தைப் பார்க்கலாம். ஜெயந்த் நார்லீகர் நிறுவிய அந்த மையத்தைச் சார்லஸ் கொரியா வடிவமைத்தார். ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் சிலைகள், ஃபூக்கோ ஊசல், முற்றத்துத் தரைக் கற்களில் கணித வடிவங்கள் என்று அங்கே வானியலும் கட்டடமும் பின்னிக்கிடக்கின்றன. கட்டட வடிவமைப்பாளர் தானாக யோசித்திருக்கக் கூடிய சமாசாரங்கள் அல்ல அவை. அறிவியலாளர்களோடு ஆரம்பத்திலிருந்தே பேசியதால் விளைந்தவை. அங்கே மேசையில் இருந்த வெளியாள் விஞ்ஞானி. அதே கொரியா டெல்லி கஸ்தூர்பா காந்தி சாலையில் பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தை 1992-இல் முடித்தபோது வெளியாள் ஓவியர்: ஹோவர்ட் ஹாட்ஜ்கின். முகப்பு முழுவதும் வெள்ளை மக்ரானா பளிங்கும் கறுப்புக் கடப்பா கல்லும் சேர்ந்து பெரிய மரம் ஒன்றின் நிழல் விழுவதுபோல் படர்ந்திருக்கும். அந்த ஓவியத்தை உரித்து எடுத்தால் முகப்பே இல்லை. நம் வீட்டுச் சமையல்கட்டு மேடையில் கிடக்கிற அதே கடப்பா கல்தான். கல்லின் விலையிலா வித்தியாசம்?

முன்கூட்டியே அழைக்காததன் விலையைச் சென்னைக்காரர்கள் அறிவார்கள். கத்திப்பாரா மேம்பாலம் 2008-இல் திறக்கப்பட்டது. நாலாபுறமும் வளைந்து சுழலும் அந்தப் பாலத்தின் மடிக்குள் அடைபட்ட பெரிய நிலப்பரப்பு, நடந்து போகிறவருக்கு எட்டாத தீவாகவே பல ஆண்டுகள் கிடந்தது. அது கத்திப்பாரா நகர்ப்புறச் சதுக்கமாக மாறித் திறக்கப்பட்டது 2021-இல். பதின்மூன்று ஆண்டுகள்! அப்போதும் தூண்கள் எங்கே நிற்கின்றன, எங்கே வெளிச்சம் விழுகிறது, மனிதர்கள் எந்தப் பக்கமிருந்து உள்ளே வரலாம் என்பதெல்லாம் வண்டிகளுக்காக முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தன. மிச்சம் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். மும்பை மாதுங்காவில் துல்புலே மேம்பாலத்தின் அடியில் பகுதிவாசிகள் விடாமல் கேட்டு வாங்கிய நானாலால் டி. மேத்தா தோட்டமும் இதே ரகம். நர்மதை நதியின் போக்கைப் போல வளைந்து போகும் நடைபாதை அங்கே இருக்கிறது, 2016-இல் திறந்தார்கள். இரண்டு இடங்களும் இன்று மக்களுக்குப் பிடித்த இடங்கள். பாலத்தை வரையும்போதே இப்படி ஒன்று யோசிக்கப்பட்டிருந்தால் இடைப்பட்ட ஆண்டுகள் வீணாகியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கலையையும் பொறியியலையும் தனித்தனிக் கோப்புகளாக்கியது நவீன நிர்வாகம். தமிழ்நாட்டுக் கோயில் கட்டுமானத்தில் அளவு பார்க்கிறவரும் சிலை செதுக்குகிறவரும் ஒரே மரபில் பயின்றவர்கள். ஸ்தபதிக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். கணபதி ஸ்தபதி கன்னியாகுமரிப் பாறையில் எழுப்பிய 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து மோதியபோதும் அசையாமல் நின்றது. உருவத்தை யோசித்தவரே கல் அடுக்கின் பாரத்தையும் யோசித்தார். அவசரம் என்ன செய்யும் என்பதற்கும் மகாராஷ்டிரத்திலேயே உதாரணம் இருக்கிறது. மால்வண் ராஜ்கோட் கோட்டையில் 35 அடி சிவாஜி சிலை 2023 டிசம்பர் 4 அன்று திறக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 26 அன்று விழுந்தது. கடற்காற்று அடிக்கும் இடத்தில் துருவும் சட்டகமும் பற்றவைப்பும் என்ன ஆகும் என்பது, சிற்பியும் பொறியாளரும் மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். விழாத் தேதி முதலில் குறிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கு நேரம் எங்கே?

இந்தியாவில் பொதுக் கட்டடங்களுக்குக் கலைஞர்களை அழைப்பது புதிதா என்றால், இல்லை. நேரு காலத்தில் இந்த ஆர்வம் அரசுக்கு இருந்தது. டெல்லி ரிசர்வ் வங்கி வாசலில் சிற்பி ராம்கிங்கர் பைஜின் யட்சனும் யட்சியும் நிற்பது அந்த ஆர்வத்தால்தான். தொழிலையும் வேளாண்மையையும் குறிக்கும் அந்தச் சிலைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1967-இல் முடிந்தன. அபாரமான சிற்பங்கள், சந்தேகமில்லை. ஆனால் அதன் பிறகு வந்த அரசு அலுவலகங்கள் அந்த வேலையின் தரத்தை விட்டுவிட்டு, வாசலின் இருபுறமும் ஏதாவது வைப்பது என்ற ஏற்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டன. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த டெல்லி நகர்ப்புறக் கலை ஆணையமும், வரைந்து முடித்து வரும் திட்டங்களைப் பார்த்து ஒப்புதல் சொல்லும் இடமாகவே பெரும்பாலும் இயங்குகிறது. பிரான்ஸ் 1951 முதல் வைத்திருக்கும் ஒரு சதவீத ஒதுக்கீட்டை இங்கேயும் கொண்டுவந்தால் போதும் என்று சிலர் வாதிடுவதுண்டு. ஒதுக்கீடு வரட்டும், நல்லதுதான். கலைஞர் வரும் நாள் மாறாமல் பணம் மட்டும் வந்தால், கட்டடத்தின் முன்னால் இன்னும் பெரிய உலோக உருண்டை ஒன்று வரும், அவ்வளவே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில், கட்டட வடிவமைப்பாளரும் நகர வடிவமைப்பாளரும் இருக்கும்போது கலைஞர் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அவர்களும் வடிவம் தெரிந்தவர்கள்தாம். புனே மாநகராட்சி 2016-இல் தெரு வடிவமைப்பு வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்து, ஜங்லி மகராஜ் சாலையில் அகல நடைபாதையும் இருக்கைகளும் அமைத்தபோது, நல்ல நகர வடிவமைப்பு என்ன செய்யும் என்று நாடே பார்த்தது. ஆனால் வடிவமைப்பாளர் வாடிக்கையாளர் தந்த தேவைப் பட்டியலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பட்டியலே சரியா என்று கேட்பது அவர் தொழிலுக்கு ஆபத்து. கலைஞருக்கு அந்தத் தடை குறைவு. இங்கே ஒன்றும் கட்டாதீர்கள், இந்த மரத்தடியை அப்படியே விடுங்கள் என்று சொல்லக்கூடியவர் அவர். அப்படிச் சொன்னால் மாநகராட்சிக்குப் பணம் மிச்சம். அவர் பயிற்சி பெற்றிருப்பதும் வேறு திசையில்: வெளிச்சம், ஓசை, கூட்டத்தின் நகர்வு, ஓர் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நினைவு. போக்குவரத்துக் கணக்கெடுப்பில் இவற்றுக்குப் பத்தி கிடையாது.

புனேக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் விநாயகர் சதுர்த்தியின்போது ‘மண்டல்’ எனப்படும் விழாக் குழுக்கள் குறுகிய தெருக்களில் அமைக்கும் பந்தல்கள், கலை இயக்குநர்கள் முதலிலிருந்து யோசித்து எழுப்பும் பொதுவெளிகள். தக்டுசேட் ஹல்வாயி கணபதி மண்டல் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு கோயிலின் சாயலில் பிரம்மாண்டமாக அமைக்கும் பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் எந்தப் பக்கம் நுழையும், எங்கே நின்று நிமிர்ந்து பார்க்கும், பின்னால் வருகிறவர் தள்ளாமல் எப்படி வெளியேறும், விளக்கு எந்த உயரத்தில் என்பதையெல்லாம் முன்னதாகவே திட்டமிட்டாக வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் தற்காலிக இடத்தைக் கலைஞர் கையில் நம்பிக் கொடுக்கும் ஊர், நூறு ஆண்டு நிற்கப்போகும் பாலத்துக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விசித்திரம்தான்.

நடைபாதையே இல்லாத, கழிப்பறை இல்லாத ஊரில் கலை ஒரு கேடா என்ற கோபம் இன்னொன்று. இந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. சென்னை கண்ணகி நகரை நினைத்துப் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 2000 முதல் எழுப்பப்பட்ட, பல ஆயிரம் வீடுகள் கொண்ட மறுகுடியமர்வுப் பகுதி அது. 2020-இல் ‘ஸ்டார்ட் இந்தியா’ அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே அடுக்ககச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரையச் செய்தன. ஓவியங்கள் நன்றாக இருக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் பார்க்க வந்தார்கள் என்பதும் சிறிய விஷயமில்லை. ஆனால் வீட்டின் அளவையோ, வேலைக்குப் போகும் தூரத்தையோ, படிக்கட்டின் இருட்டையோ ஒரு சுவரோவியம் மாற்றாது. அது ஓவியரின் குற்றமல்ல. அவர் கையில் தரப்பட்டது சுவரின் வெளிப்பக்கம் மட்டும். அடிப்படை வசதியா கலையா என்ற போட்டியே, கலைஞரைக் கடைசியில் அழைப்பதால் உண்டானது. கடைசியில் வந்தால் அவர் செலவு கூடுதல் செலவு. முதலில் வந்தால் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பெண் பயமின்றி நடக்க வெளிச்சம் எப்படி விழவேண்டும் என்பதும் அவர் வேலைதான்.

யாருடைய ரசனை என்ற கேள்விதான் இருப்பதில் கடினமானது. ரிச்சர்ட் செர்ரா நியூயார்க்கில் அரசு அலுவலக வளாகம் ஒன்றின் முற்றத்தில் 1981-இல் நிறுவிய ‘டில்டெட் ஆர்க்’ என்ற சிற்பத்தை எதிர்ப்பாளர்கள் எப்போதும் மேற்கோள் காட்டுவார்கள். 120 அடி நீளம், 12 அடி உயரம், முற்றத்தை இரண்டாக அறுக்கும் இரும்புச் சுவர். சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் புகார் செய்தார்கள், பொது விசாரணை நடந்தது, வழக்கு நடந்தது, 1989-இல் அகற்றினார்கள். கலைஞரை நம்பினால் இதுதான் கதி என்பது வாதம். சம்பவத்தை நிதானமாகப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. செர்ரா வருவதற்கு முன்பே அந்த முற்றம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. முடிந்துபோன இடத்துக்குள் வரும் சிற்பிக்கு இரண்டு வழிகள்தாம்: பணிந்து அலங்காரம் செய்யலாம், அல்லது இடத்தோடு மோதலாம். அவர் மோதினார். அந்த முற்றத்தை அன்றாடம் கடக்கிறவர்களும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. ஆகவே கலைஞர் மட்டும் முன்கூட்டி வந்தால் போதாது, அவரோடு அந்தத் தெருக்காரர்களும் வரவேண்டும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மக்களிடம் கருத்துக் கேட்பதற்குப் பதிலாக ஒரு கலைஞரை நியமித்துவிட்டோம் என்று கணக்குக் காட்ட எந்த நிர்வாகத்தையும் விடக்கூடாது. ஆற்றங்கரை அழகுபடுத்தும் திட்டங்களில் இந்த ஆபத்து நிஜமானது.

நடைமுறை தடுக்கிறதா? சிங்கப்பூர் தன் வடகிழக்கு மெட்ரோ தடத்தை 2003-இல் திறந்தபோது, ஒவ்வொரு நிலையத்துக்கும் கலைஞரைத் தேர்ந்து, கட்டுமானத்தோடு இழைந்து போகும்படி அவர் வேலையை அமைத்தது. லிட்டில் இந்தியா நிலையத்தின் கலைப்பணி எஸ். சந்திரசேகரனுடையது. மேலே மாட்டிய படங்களாக இல்லாமல் தரையும் சுவரும் கண்ணாடியுமாகவே பல நிலையங்களில் அவை நிற்கின்றன. நம் ஊரில் டெண்டர் விதி இடம் தராது என்பார்கள். பாலத்தின் சிமெண்டுக்கும் கம்பிக்கும் குறைந்த விலை கேட்பவரைத் தேர்வது சரி. ஆலோசகர் தேர்வு அப்படி நடப்பதில்லை. தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறை மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளிலேயே இருக்கிறது. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஆலோசகர் குழுவில் யார் யார் இருக்கவேண்டும் என்று பட்டியல் போடுவார்கள்: பால வடிவமைப்புப் பொறியாளர், மண் பரிசோதனை வல்லுநர், போக்குவரத்து வல்லுநர், சுற்றுச்சூழல் வல்லுநர். அந்தப் பட்டியலில் கலைஞர் என்று ஒரு வரியும், அவருக்கு மாதக் கட்டணமும், அவர் சொன்னதை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் பதிய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்தால் போதும். தாமதம் ஆகுமே என்ற கவலைக்குக் கோர்படியே பதில்: அங்கே வேலையை இழுத்தடித்தது நிலம் கைமாறாததுதான், அந்தக் காத்திருப்பில் எத்தனை கலைஞர்கள் வேண்டுமானாலும் உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

கோர்படியில் அவர் என்ன கேட்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. கேட் அருகே காத்திருக்கும் கூட்டத்தை நம்பிப் பிழைத்த டீக்கடையும் பழ வண்டியும் பாலம் வந்தபின் எங்கே போகும்? தண்டவாளத்தின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் நடந்து போக வழி எது? மேலே லாரி, பக்கத்தில் ரயில் என்று இரட்டை இரைச்சல் எதிரொலிக்கும் காங்கிரீட் கூரையின் கீழே ஒருவர் இன்னொருவரோடு பேச முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேட, ஒலியையே பாடமாகப் படிக்கிறவர்கள் அதே ஊரில் திரைப்படக் கல்லூரியில் இருக்கிறார்கள். அபிநவ் கலா மகாவித்யாலயாவில் ஓவியம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சற்று வடக்கே, 1860களில் கட்டிய பண்ட் கார்டன் கல் பாலத்தின் முனைகளில் சிங்கங்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. வண்டிகள் புதிய பாலத்துக்கு மாறிய பிறகு பழையது மக்கள் கூடும் கலைத் திடலாக மாற முடிந்ததென்றால், முதலில் கட்டியவர்கள் அதைப் பார்க்கத் தகுந்த பொருளாகவும் நினைத்ததே காரணம். அதன் கீழே ஓடும் முளா-முட்டா நதியின் கரைகளில் 44 கிலோமீட்டருக்கு மேம்பாட்டுத் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கி நடந்துவருகிறது. மரங்கள் போகின்றன, ஆறு குறுகுகிறது என்று அதை எதிர்த்து வழக்குகளும் போராட்டங்களும் நடந்தன. எல்லாம் கட்டி முடித்துவிட்டு, கரைச்சுவரில் மீனும் நாரையும் வரையக் கலைஞரைக் கூப்பிடும் நாள் அங்கேயும் வரத்தான் போகிறது.

புனே மாநகராட்சி அதுவரை காத்திருக்க வேண்டாம். வேலை இன்னும் தொடங்காத கரைப் பகுதிகளும், வரையப்படாத பாலங்களும் நிறைய இருக்கின்றன. அடுத்த திட்ட அறிக்கைக்கு ஆலோசகரை அழைக்கும் அறிவிப்பிலேயே கலைஞருக்கான அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.